விருப்பம் இருக்கிறது

வீட்டில் பட்டாணி வாயே திறக்கவில்லை. வகுப்பில் எல்லோரையும் விடக் குள்ளம் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். பள்ளிக்கூடத்தில் இந்த வருஷத்துக்கு இரண்டாவதாக ஒரு டூர் ஏற்பாடாகியிருக்கிறது, தலைநகரத்துக்கு இரண்டு நாள், அவளைத் தவிர எல்லோருக்கும் ஃபார்ம் கொடுத்தாயிற்று என்ற விஷயம் அதே வகுப்பில் படிக்கும் மாடி வீட்டுப் பெண் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிந்தது.

அம்மாவுக்கு பஸ் டிப்போவில் பஸ் கழுவும் வேலை. மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வராந்தா முழுக்க ஈரத் தடம். ப்யூன் முறைத்தார். அவளும் முறைத்தாள்.

வகுப்பு டீச்சர் அவளை ஓரமாக அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. போன டூருக்கே நீங்க மூணு வாரம் கழிச்சுத்தான் பணம் கட்டினீங்க. இது எக்ஸ்ட்ரா டூர், கட்டாயம் கிடையாது. ஃபார்மைக் கொடுத்து உங்களைச் சங்கடப்படுத்த வேணாம்னு பார்த்தேன்."

"கட்டினோமா இல்லையா டீச்சர்?"

"கட்டினீங்க. நான் இல்லைன்னு சொல்லல."

"அப்புறம் என்ன? முடியுமா முடியாதான்னு நாங்க உக்காந்து பேசி முடிவு பண்றோம். எங்க சங்கடத்தை எங்ககிட்டயே விட்டுடுங்க."

டீச்சர் உள்ளே போய் ஒரு ஃபார்மை எடுத்து வந்து நீட்டினார்.

"இதுக்கு மார்க் ஏதாவது உண்டா?" என்று அம்மா கேட்டாள்.

"திரும்பி வந்ததும் ஒரு கட்டுரை எழுதணும். அதுக்குப் பத்து மார்க்."

"மார்க் உண்டுன்னா அது எப்படி எக்ஸ்ட்ரா ஆகும்?"

டீச்சர் பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. அவருக்கு அது வசதியாகப் போயிற்று.

ஃபார்மை வாங்கி வந்த வீராப்பு வீட்டு வாசல் வரைதான் தாங்கியது. உள்ளே உட்கார்ந்து படித்ததும் அம்மாவுக்குக் கண்ணைக் கட்டியது. ஏசி பஸ், ஹோட்டலில் ஓர் இரவு, பள்ளியின் பெயர் அச்சடித்த மஞ்சள் தொப்பி. எல்லாம் சேர்த்து அவளுடைய பாதி மாதச் சம்பளம்.

அப்பா டைல்ஸ் போடுகிறவர். இருபது வருஷம் முட்டி போட்டே வேலை பார்த்ததில் வலது முட்டி வீங்கிப்போய், இரண்டு வாரமாகக் கட்டிலோடு கிடந்தார். ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கென்று எடுத்து வைத்ததைத் தவிர வீட்டில் வேறு பணம் இல்லை.

"அதை டூருக்குக் கட்டிடு," என்றார் அப்பா. "என் முட்டி எங்க ஓடிப் போகப் போகுது?"

"ஓட வேணாங்க. நடந்தாப் போதும். அதுக்கே வழியக் காணோம்."

பட்டாணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பா சிரிக்கவில்லை.

"எல்லாப் பிள்ளைகளும் போகும்போது நம்ம பொண்ணு மட்டும் வீட்ல உக்காந்திருக்கணுமா? அந்த டீச்சர் நம்மளப் பத்தி நினைச்சது சரின்னு ஆயிடாதா?"

"அந்தம்மா நினைச்சதைப் பொய்யாக்கறதுக்காக நீங்க ஆயுசுக்கும் நொண்டணுமா?"

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"எனக்கு வேணாம்மா," என்றாள் பட்டாணி. "எனக்குப் போகவே பிடிக்கல."

அதுவரை அமைதியாகப் பேசிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "பொய் சொல்லாத. முடியலன்னு சொல்லு, அது உண்மை. பிடிக்கலன்னு எதுக்குச் சொல்ற? யாரோட வசதிக்கு?"

பட்டாணி தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணில் நீர் கோத்திருந்தது.

ஃபார்மின் அடியில் இரண்டே கட்டங்கள்தான் இருந்தன. ஒன்றில் 'சம்மதம்', இன்னொன்றில் 'விருப்பமில்லை'. ஏதாவது ஒன்றில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா பேனாவைப் பிடித்தபடி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"விருப்பமில்லைன்னு நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்? விருப்பம் இருக்கே!"

பட்டாணியின் ஸ்கேலை வாங்கி, பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டாள். மற்ற இரண்டையும் விடப் பெரிய கட்டம். அதற்குள் எழுதினாள்: 'விருப்பம் இருக்கிறது. இந்த மாதம் இவ்வளவு பணம் இல்லை.' டிக் அடித்து, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அப்பா கையை நீட்டி அதை வாங்கிப் படித்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து அவரும் கீழே கையெழுத்துப் போட்டார்.

"சரி, அது முடிஞ்சது," என்றாள் அம்மா. "அங்க போய் என்னத்தப் பார்க்கப் போறாங்க?"

"சனிக்கிழமை அறிவியல் காட்சியகம். ஞாயித்துக்கிழமை துறைமுகம்."

"உனக்கு எது பார்க்கணும்?"

"காட்சியகம்." யோசிக்காமல் வந்தது பதில்.

டிப்போ ஊழியரின் குடும்பத்துக்கு வருஷத்தில் நான்கு முறை இலவசப் பயணம் உண்டு. இத்தனை வருஷத்தில் அவர்கள் ஒரு தடவைகூட அதைப் பயன்படுத்தியதில்லை.

"சாதா பஸ்தான். அஞ்சு மணி நேரம் குலுக்கி எடுத்துடும்," என்றாள் அம்மா.

"குலுக்கட்டும்," என்றார் அப்பா.

"நீங்களுமா? முட்டிய வச்சுக்கிட்டா?"

"பஸ்ல உக்காரத்தானே போறேன்?"

அந்தச் சனிக்கிழமை காட்சியகத்தில் அவர்கள் நுழைந்தபோது உள்ளே எங்கு பார்த்தாலும் மஞ்சள் தொப்பி. நடுக் கூடத்தின் உயரமான கூரையிலிருந்து ஒரு நீளக் கம்பி தொங்கியது. அதன் நுனியில் ஓர் இரும்புக் குண்டு மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி வட்டமாகச் சின்னச் சின்ன மர முளைகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். குண்டு அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டபடி நகர்ந்தது. பட்டாணி தொப்பிகளுக்கு நடுவே புகுந்து முன்வரிசைக்குப் போய்விட்டாள். அவள் உயரத்துக்கு அது சுலபம்.

விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்தார். "உன் தொப்பி எங்கம்மா?"

"தொப்பி இல்ல சார். நான் எங்க அம்மா அப்பாவோட வந்தேன்."

அவர் டீச்சர் பக்கம் திரும்பினார். "உங்க ஸ்கூல் பொண்ணுதானா மேடம்?"

டீச்சர் பட்டாணியைப் பார்த்தார். கூட்டத்துக்குப் பின்னால் கையைக் கட்டி நின்ற அம்மாவையும் பார்த்தார்.

"ஆமா," என்றார். "என் க்ளாஸ்தான்."

"சரி, நீயே சொல்லு. குண்டு ஒரே கோட்டுலதான் ஆடுது. அப்புறம் எப்படிச் சுத்தி இருக்கற முளையெல்லாம் விழுது?"

குண்டு இரண்டு முறை போய் வரும் வரை பட்டாணி பார்த்துக்கொண்டிருந்தாள். "குண்டு திரும்பல சார். நாமதான் திரும்பறோம். இந்தத் தரையே திரும்புது."

பின்னால் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அப்பா, "தரை திரும்புதாம்," என்றார் அம்மாவிடம். "நான் போட்ட தரை ஒண்ணுகூட இன்னி வரைக்கும் அசைஞ்சதில்ல."

கூட்டம் அடுத்த கூடத்துக்கு நகர்ந்தபோது டீச்சர் அருகே வந்தார். "முன்னாடியே சொல்லியிருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாமேம்மா."

"எழுதித்தானே கொடுத்தேன் டீச்சர், கட்டம் போட்டு." அம்மா குரலைத் தாழ்த்தவில்லை. "திங்கக்கிழமை கட்டுரை கொண்டு வருவா. தொப்பி இல்லைன்னு மார்க்கக் குறைச்சிடாதீங்க. குறைஞ்சா நான் வந்து கேப்பேன்."

"குறையாதும்மா," என்றார் டீச்சர்.

திரும்பும் வழியில் பஸ் நன்றாகவே குலுக்கியது. பட்டாணி அதிலேயே நோட்டைத் திறந்து வைத்து எழுத ஆரம்பித்தாள். வரிகள் மேலும் கீழுமாகப் போயின. வீட்டுக்குப் போய் எழுதலாமே என்று அப்பா சொன்னார். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.