மாத்திரை போடாத குடுவை

"அக்கா கழுவுறது சரியில்ல சார். பிளாங்க்ல இரும்பு காட்டுது" என்று மேனேஜரிடம் சொன்னான் கெமிஸ்ட் தம்பி. அதுவும் நான் பக்கத்தில் நிற்கும்போதே!

எனக்குச் சுருக்கென்றது. பதினான்கு வருடமாக இந்த லேபில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன். சோப்பு போட்டுத் தேய்த்து, ஒரு நாள் முழுக்க அமிலத்தில் ஊறவைத்து, வடித்த தண்ணீரில் ஐந்து முறை அலசிக் கவிழ்ப்பேன். ஐந்து என்றால் ஐந்துதான். நாலே முக்கால் கிடையாது.

சத்து மாத்திரைகளில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று இங்கே அளக்கிறார்கள். மாத்திரையை நுணுக்கி, அமிலத்தில் கரைத்து, இன்னும் இரண்டு மூன்று கரைசல்களை ஊற்றினால், இருக்கிற இரும்புக்குத் தக்கபடி ஆரஞ்சு நிறம் ஏறும். அந்த நிறம் எவ்வளவு என்று மெஷின் எண்ணாகச் சொல்லிவிடும். கூடவே ஒரு குடுவையில் மாத்திரை மட்டும் போடாமல் மற்ற எல்லாவற்றையும் ஊற்றி வைப்பார்கள். அதுதான் பிளாங்க். அது பச்சைத் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் நிற்க வேண்டும். இரண்டு நாளாக அதுவும் ஆரஞ்சு காட்டிக்கொண்டிருந்தது.

"நாளையிலேர்ந்து கழுவுறதுக்கு வேற ஆள் பாத்துக்கறேன். நீங்க பேக்கிங் பக்கம் போயிடுங்கம்மா" என்றார் மேனேஜர்.

பேக்கிங்கிலும் இதே சம்பளம்தான். அதற்காகக் கழுவத் தெரியாதவள் என்று பெயர் வாங்கிக்கொண்டா போவது?

"போறேன் சார். ஆனா ஒண்ணு. ஸ்டோர்ல பிரிக்காத பெட்டியில புதுக் குடுவை இருக்கு. என் கை படாதது. தம்பியே அலசி, அதுல பிளாங்க் போட்டுப் பாக்கட்டும். தண்ணி மாதிரி நின்னா, நான் வாயே தொறக்காம பேக்கிங் போயிடறேன்."

தம்பி முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைப் பிரித்து, ஒரு குடுவையை எடுத்து அலசினான். மூன்று முறைதான் அலசினான்; எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். கரைசல்களை ஒவ்வொன்றாக ஊற்றினான். கொஞ்ச நேரத்தில் புதுக் குடுவையிலும் ஆரஞ்சு ஏறியது.

"இப்ப யாரைச் சொல்லப் போற தம்பி? குடுவை செஞ்சவனையா?"

அவன் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். நான் மேஜைப் பக்கம் போனேன். இரண்டு நாளைக்கு முன்பு அவன் புதிதாகக் கலக்கிய அமிலக் கரைசல் பாட்டிலுக்குள் ஏதோ காம்பு நீட்டிக்கொண்டிருந்தது.

"அது என்ன?"

"கலக்கறதுக்குப் போட்டேன்க்கா. கண்ணாடிக் குச்சி உடைஞ்சு போச்சு..." என்றபடி வெளியே எடுத்தான். ஸ்டீல் கரண்டி! கரைசலில் மூழ்கியிருந்த பாதி அரித்துக் கறுத்துப் போயிருந்தது.

"அடப்பாவி! இரும்பு அளக்கற இடத்துல இரும்பையே ஊறப் போட்டிருக்கியே!"

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. தம்பி முகம் செத்துப்போயிற்று. பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நான் விடவில்லை.

"கரைசலைப் புதுசாப் போடு. இந்தத் தடவை நான் கழுவின குடுவையில ஊத்து."

ஊற்றினான். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். என் கழுவல்மேல் எனக்குச் சந்தேகமே கிடையாது. இருந்தாலும் கடிகாரத்தை நாலு தடவை பார்த்துவிட்டேன். தம்பி குடுவையிலிருந்து கொஞ்சம் எடுத்து மெஷினுக்குள் வைத்தான். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

0.000.

"சாரிக்கா" என்றான் தம்பி.

"நீங்க எங்கயும் போக வேணாம்மா" என்றார் மேனேஜர்.

"போக மாட்டேன் சார். மெஷின் காட்டின அந்த எண்ணை மட்டும் ஒரு சீட்டுல எனக்கு அடிச்சுக் குடுக்கச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்ததும் சீட்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். என் வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, கிட்டே நின்று பார்த்தார்.

"என்னடி இது, வெறும் சைபரா இருக்கு? இதைப் போயா ஒட்டி வெச்சிருக்க?"

"பதினாலு வருஷம் கழுவி வாங்கின சைபருங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, எனக்கு மறைக்குது."