மிளகுக்குத் தப்பி மூன்று நாள்

வெள்ளி முதல் ஞாயிறு வரை தலைநகரான கோபன்ஹேகனில் ஓர் அறை வேண்டுமென்று எஸ்பென் பதிவு செய்தபோது, எதற்காக வருகிறீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. வேலையாக, ஊர் சுற்ற, உறவினரைப் பார்க்க என்று மூன்று கட்டங்கள். ஒளிந்துகொள்ள என்று நாலாவதாக ஒரு கட்டம் இல்லாததால் ஊர் சுற்ற என்பதில் டிக் போட்டான்.

சனிக்கிழமை அவனுக்கு முப்பது. கல்யாணமாகவில்லை. இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று மேற்கே அவனுடைய ஊரான லெம்விக்கில் கைக்குழந்தைக்கும் தெரியும். இருபத்தைந்தில் கல்யாணமாகாமல் நின்றால் லவங்கப்பட்டைப் பொடி அபிஷேகம், முப்பதில் மிளகுப்பொடி. கூட்டாளிகள் விடியும்போதே வந்து, பழைய எண்ணெய்ப் பீப்பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மிளகு அரைக்கும் குடுவை மாதிரி ஒரு கோபுரத்தை வாசலில் நிறுத்துவார்கள். பிறகு பிறந்தநாள்காரனை விளக்குக் கம்பத்தோடு சேர்த்து டேப் சுற்றி, பொடி நன்றாகப் பிடிக்கவேண்டுமே என்ற அக்கறையில் முதலில் ஒரு வாளித் தண்ணீர்.

பட்டைக்கு எஸ்பென் ஓடவில்லை. ஈஸ்டர் வரை காதுக்குள் மணத்தது, அவ்வளவுதான். அன்றைக்குக் கண்ணைத் துடைத்துவிட மாலெனெ இருந்தாள். நாலு வருடத்துக்கு மேல் சேர்ந்து இருந்தவள், போன இலையுதிர்காலத்தில் ஆர்ஹுஸுக்குக் குடிபோய்விட்டாள், சோபாவையும் எடுத்துக்கொண்டு. மிளகு எரியும், கழுவினால் போகும். தெருவே கூடி வேடிக்கை பார்க்க, துடைத்துவிட ஓர் ஆளில்லாமல் கம்பத்தில் நிற்பதைத்தான் அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அதனால், மூட்டை கட்டும் புது இயந்திரத்தில் பயிற்சிக்காகத் தலைநகர் போகிறேன் என்று சிநேகிதன் லவ்ஸ்டிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினான். லவ்ஸ்டும் அதே மாட்டுத் தீவனக் கிடங்கில்தான் வேலை பார்க்கிறான், அங்கே புது இயந்திரம் எதுவும் வரவில்லை என்பது ரயில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

அறை வெஸ்டர்ப்ரோ பகுதியில், நாலாவது மாடியில். வீட்டுக்காரி லிஸ்பெட்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. பல் மருத்துவரிடம் உதவியாளர். யார் வாயையும் திறக்கவைத்துப் பழகியவள். சாவி கொடுக்குமுன் அவனுடைய அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த தேதியைப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"நாளைக்கு உனக்கு முப்பதா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"இங்க பாரு, போன வாரந்தான் தரைக்கு எண்ணெய் போட்டு மெழுகினேன். உன் ஆளுங்க யாராவது மிளகைத் தூக்கிட்டு வர்றதா இருந்தா இப்பவே சொல்லிடு."

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு," என்றான் எஸ்பென். தரையைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்று பிற்பாடு தனக்குத்தானே சமாதானம் செய்துகொண்டான்.

"அப்ப பொண்டாட்டி எங்க?"

"அவளுக்கு வேலை இருக்கு."

"புருஷனோட முப்பதாவது பிறந்தநாள் அன்னிக்கா? பேரு என்ன?"

"மாலெனெ," என்றான். வேறு பெயர் எதுவும் வாயில் வரவில்லை.

மிச்ச வெள்ளிக்கிழமை முழுக்க ஊர் சுற்றினான், கட்டத்தில் டிக் போட்ட பாவத்துக்கு. வாடகைச் சைக்கிளை நிறுத்தி வரைபடம் பார்க்கப்போய், பின்னால் வந்த பதினோரு சைக்கிள்காரர்களிடம் வரிசையாகத் திட்டு வாங்கினான். தள்ளுவண்டியில் சாசேஜ் கேட்டான். கடைக்காரன் அவன் உச்சரிப்பைக் காதில் வாங்கி, கொஞ்ச நேரம் யோசித்து, ஆங்கிலத்தில் பதில் சொன்னான். சொந்த நாட்டுத் தலைநகரில், சொந்த மொழியில் பேசியதற்குக் கிடைத்த மரியாதை. எஸ்பெனும் ஆங்கிலத்திலேயே நன்றி சொல்லிவிட்டு, துறைமுகத்தைப் பார்த்தபடி தூறலில் நின்று தின்றான். சாயங்காலம் ஒரு உணவகத்தில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஒருவர் என்றதும், கோட்டுகள் மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே உட்காரவைத்தார்கள். யாரோ ஒரு பெண்ணின் ஈரக் கோட்டுக் கை அவன் தோள்மேல் கிடந்தது. அதை அவன் தட்டிவிடவில்லை.

திரும்பி வந்து முற்றத்தில் சைக்கிளைப் பூட்டும்போது, கீழ்வீட்டுக்காரர் ப்ரெபென் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று சுருட்டுப் புகைத்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். எழுபது வயது இருக்கும்.

"முப்பதாவது பிறந்தநாளுக்குப் பொண்டாட்டிய விட்டுட்டு ஓடிவந்த ஆளு நீதானா?"

"அவளுக்கு வேலை இருக்கு."

"எனக்கும் நாப்பது வருஷம் அப்படித்தான் வேலை இருந்துச்சு. காலைல எட்டு மணிக்கு நானும் மேல வர்றேன். லிஸ்பெட் ரொட்டி வாங்கி வைக்கிறா."

மறுநாள் எட்டு மணிக்கு மேசைமேல் ஒரு சின்னக் கொடிக்கம்பம், அதில் தேசியக்கொடி. உருண்டை ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, ரொட்டிக்குள் வைக்கும் சாக்லேட் வில்லைகள், மூன்று குட்டிக் கிளாஸில் கசப்புச் சாராயம். இருவரும் எழுந்து நின்று பிறந்தநாள் பாட்டை முழுக்கப் பாடினார்கள். ப்ரெபென் நடுவில் டிரம்பெட் சத்தத்தையும் வாயாலேயே கொடுத்தார். அன்னியர் வீட்டில் தனக்காக ஒரு கொடி நிற்பதைப் பார்த்து எஸ்பென் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சாராயத்தால் என்று வைத்துக்கொண்டான்.

"சரி, மாலெனெயைக் கூப்பிடு," என்றாள் லிஸ்பெட். "வீடியோவுல முகத்தைப் பார்த்தே பாடலாம். அவளும் சேர்ந்துக்கட்டும்."

"தூங்குவா."

"வேலைன்னியே."

"ராத்திரி வேலை."

லிஸ்பெட் அவனைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் வாயைத் திற என்று சொல்கிற பார்வை. அந்த நேரம் பார்த்து மேசைமேல் இருந்த கைபேசி அலறியது. திரையில் லவ்ஸ்ட், தாடியோடு ஒரு மீனைத் தூக்கிப் பிடித்திருக்கும் படத்தோடு.

ப்ரெபென் எட்டிப் பார்த்தார். "ஓ. இதை நேத்தே சொல்லியிருக்கலாமேப்பா. இந்த ஊர்ல யாரு என்ன சொல்லப்போறா?"

"எதைச் சொல்ல? இது லவ்ஸ்ட்."

"பேரு எதுவா இருந்தா என்ன. தாடி நல்லாத்தான் இருக்கு."

எஸ்பென் கை நீட்டுவதற்குள் லிஸ்பெட் கைபேசியை எடுத்துவிட்டாள். மழை, குடை, அதற்குப் பின்னால் லவ்ஸ்டின் முகம்.

"யாரும்மா நீ? எஸ்பென் எங்க?"

"நான் வீட்டுக்காரி. இவன் பொண்டாட்டியக் கொஞ்சம் கூப்பிடு, பாடணும்."

"எந்தப் பொண்டாட்டி?" லவ்ஸ்ட் நிதானமாகக் கேட்டான். "அது இல்லைன்னுதானே ஆறு மணியிலேர்ந்து இங்க நனைஞ்சுக்கிட்டு நிக்கிறோம்."

ப்ரெபென் தன் கிளாஸைக் காலி செய்துவிட்டு, பக்கத்திலிருந்த எஸ்பென் கிளாஸையும் காலி செய்தார்.

"எஸ்பென், கேக்குதா?" என்றது கைபேசி. "நீ இல்லாததால உன் சைக்கிளைக் கம்பத்துல கட்டிட்டோம். மூணு கிலோ போட்டாச்சு. மணியடிச்சா இப்பவே தும்முது. மிச்சம் அஞ்சு கிலோ இருக்கு, அதை என்ன செய்யறதுன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

திரை மெல்லத் திரும்பியது. அவன் வீடு, அதன் முன்னால் மூன்று ஆள் உயரத்துக்குப் பீப்பாய்க் கோபுரம். கிடங்கு ஆட்கள், எதிர்வீட்டுத் தம்பதி, கைப்பந்துக் குழுவில் பாதிப்பேர். வேலியோரமாக மாலெனெயின் அம்மா, கையில் ஏதோ ஒரு மூட்டையோடு.

"அவங்க எதுக்கு வந்தாங்க?" எஸ்பென் கைபேசியை வாங்கிக்கொண்டான்.

"யாரு, ருத்தா? முதல் கைப்பிடியே அவங்கதான் போட்டாங்க. துண்டு கொண்டுவந்திருக்காங்க. நாலு துண்டு. பொண்ணு போனா போகட்டும், பையன் கண்ணை யாரு துடைக்கிறதுன்னு கேட்டாங்க. ஆனா சைக்கிளுக்குக் கண்ணே இல்லையே, சும்மா நிக்கிறாங்க பாவம்."

எஸ்பென் கொடியைப் பார்த்தான், ரொட்டியைப் பார்த்தான். தன் சைக்கிளின்மேல் இப்படிப் பொறாமை வரும் என்று அவன் எதிர்பார்த்ததில்லை.

"பொய் சொல்லிட்டேன்," என்றான் லிஸ்பெட்டிடம். "மன்னிச்சுக்கோ."

அந்த நாட்டில் மந்திரியையும் நீ என்றுதான் சொல்வார்கள். அதனால் அதில் குறையில்லை. லிஸ்பெட்டும் கோபித்துக்கொள்ளவில்லை. வெண்ணெய்க் கத்தியால் மேசைவிரிப்பில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு முப்பதானப்ப யாரும் மிளகு போடல. வேலை செஞ்ச இடத்துல பூங்கொத்து குடுத்தாங்க. ரொம்ப மரியாதையா." கத்தியை வைத்தாள். "ஒம்பதேகாலுக்கு ஒரு வண்டி இருக்கு. ஞாயித்துக்கிழமைக்கு உன் அறைய நான் பூட்டி வெச்சுக்கிறேன், நீ வரவேண்டாம்."

மிச்ச மிளகை அப்படியே வைத்திருக்கச் சொல்லி, சாயங்காலத்துக்குள் வந்துவிடுவதாக எஸ்பென் கைபேசியில் லவ்ஸ்டிடம் சொன்னான். ப்ரெபென் கீழே போய், நீச்சலுக்குப் போடுகிற கண்ணாடி ஒன்றைத் தேடி எடுத்துவந்தார். ரப்பர் இற்றுப்போய், நடுவில் முடிச்சுப் போட்டிருந்தது.

"போட்டுக்க. ஆனா ஒரேயடியா இறுக்கிடாதே. கண்ணுல கொஞ்சமாவது படலைன்னா துண்டுக்கு வேலை இல்லாமப் போயிடும்."

கடல்மேல் பாலம், அப்புறம் ஒரு தீவு, அப்புறம் வயல் வயலாக மழை. இரண்டு இடத்தில் வண்டி மாறி, கடைசிக் குட்டி ரயிலில் ஏறியபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. இரண்டு நிலையம் முன்னாலேயே எஸ்பென் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். எதிரில் இருந்த பெண் அவனை ஒரு தடவை பார்த்தாள். எதுவும் கேட்காமல், தன் வெள்ளைக் கோட்டையும் பையையும் எடுத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய் உட்கார்ந்தாள்.

நடைமேடையில் எல்லோரும் நின்றார்கள். வாளி நின்றது. நாலு துண்டும் நின்றன.

எஸ்பென் படியிலேயே நின்று கண்ணாடியின் முடிச்சைச் சரிசெய்தான். "ரொம்ப நேரமா நிக்கிறீங்களா?"

"இல்லப்பா," என்றான் லவ்ஸ்ட், மிளகு மூட்டையைப் பிரித்தபடியே. "காலைலேர்ந்துதான்."