கரடியைப் பற்றி மகள் சொன்னது

பஸ் டிப்போவில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று தடியர்கள் உட்கார்ந்து கார்ட்டூன் பற்றிப் பேசினார்கள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் பேசினார்கள். டயர்க்காரர், எலக்ட்ரீஷியன், பெயிண்டர். மூவருக்கும் ஒரே சாக்கு: "பிள்ளை பாக்குது, பக்கத்துல நானும் உக்காந்துக்கறேன்."

கதை இதுதான். குளிர்காலம் முழுக்கக் கரடி தூங்கும். அதன் சிநேகிதன் அணிலுக்குப் பேச வேறு ஆளில்லை. தினமும் வந்து, தூங்குகிற கரடியிடம் அன்றைய சமாச்சாரத்தை ஒன்று விடாமல் சொல்லிவிட்டுப் போகும்.

"பொம்மைப் படம்தானேன்னு உக்காந்தா எழுந்திருக்க முடியலப்பா," என்றார் டயர்க்காரர். "உன் பொண்ணு என்ன சொன்னா?"

பெயிண்டரின் மகளுக்கு எட்டு வயது. அவள் சொல்வதற்குத்தான் அங்கே மவுசு.

"கரடி முழிச்சுட்டுதான் இருக்காம். அணில் பேச்சை நிறுத்திடுமோன்னு பயந்து கண்ணை மூடிக்கிட்டிருக்காம்."

எலக்ட்ரீஷியன் மெல்லுவதை நிறுத்தினார். "எட்டு வயசுல இவ்வளவா! நான் பெத்தது இருக்கே, முடிஞ்சதும் 'அடுத்தது போடு'ங்குது."

பெயிண்டர் சிரித்துவைத்தான். மனைவியும் மகளும் வீட்டை விட்டுப் போய்ப் பதினாலு மாதம். கார்ட்டூனை அவன் தனியாகத்தான் பார்த்தான். சொன்னதெல்லாம் அவனே சொன்னது. மகள் அவனோடு இருந்தது இந்தச் சாப்பாட்டு அரைமணியில் மட்டும்தான். அதையும் விட்டுவிட அவனுக்கு மனம் வரவில்லை.

வினை டயர்க்காரர் ரூபத்தில் வந்தது. "ஞாயித்துக்கிழமை கடைசிப் பாகம். என் பையனைக் கூட்டிக்கிட்டு உன் வீட்டுக்கு வரேன். ரெண்டும் சேர்ந்து பாக்கட்டுமே."

காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மனுஷர் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"அவ எங்கூட இல்லண்ணே. போன வருஷமே அவங்கம்மாவோட போயிட்டா. பாத்தது, சொன்னது எல்லாம் நான்தான்."

யாரும் கோபிக்கவில்லை. எலக்ட்ரீஷியன் தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினார்.

திங்கட்கிழமை பிரேக்கைப் பற்றிப் பேசினார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். பிள்ளைகள் பேச்சையே எடுக்கவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பெயிண்டரே கேட்டான்: "கடைசிப் பாகம் பாத்தீங்களா?"

"நேரம் ஏதுப்பா," என்றார் டயர்க்காரர், சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தபடி.

"நானும் பாக்கல," என்றார் எலக்ட்ரீஷியன் அவசரமாக.

பார்த்திருக்கிறார்கள். அவன் மனம் நோகக் கூடாதென்று மறைக்கிறார்கள். தங்கமான மனுஷர்கள்தான். கடைசிப் பாகத்தில் கரடி கண்விழித்ததும் மகள் என்ன சொல்லியிருப்பாள் என்று ராத்திரியெல்லாம் யோசித்துக் கொண்டுவந்திருந்தான். இனி அதைக் கேட்க ஆளில்லை. மகள் வீட்டை விட்டுப் போன அன்றுகூட அவனுக்கு இவ்வளவு வலிக்கவில்லை.