அலமாரி காலியாகும்வரை

படியேறி வந்த ராணுவ அதிகாரியைக் கண்டதும் துணிக்கடைக்காரர் மேஜைக்குப் பின்னால் எழுந்து நின்றார். அவருடைய ஒரே மகன் போர்முனையில் இருந்தான். வந்தவர் வாய் திறப்பதற்குள் ஒரு துணிச் சுருளை உருட்டி விரித்தார்.

“சட்டைக்குப் பாருங்க சார். சாயம் போனா என் பேரை மாத்திக்கிறேன்.”

“ஐயா, உங்க பையன்…”

“அவன் எடுத்த கலர்தான். இந்த மேஜைக்கடியில தவழ்ந்து வளர்ந்தவன். கண்ணை மூடிக்கிட்டு தொட்டே தரம் சொல்லுவான். கடை போரடிக்குதுன்னு பட்டாளத்துக்குப் போயிட்டான். வந்துருவான்.”

பேச்சு நின்றால் வந்தவர் சொல்லிவிடுவாரே என்று, அடுத்த சுருளை விரித்தார், அதற்கடுத்ததையும் விரித்தார். அலமாரி காலியானது.

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். “உக்காருங்க ஐயா.”

“கடைக்காரன் உக்காந்தா வியாபாரம் படுத்துரும் சார்,” என்றார். சொல்லி முடிப்பதற்குள் விரித்த துணிமேலேயே உட்கார்ந்துவிட்டார்.