பதின்மூன்றாவது கட்டு

பன்னிரண்டாவது அட்டைக் கட்டை எண்ணி முடித்துச் சணலால் சுற்றி, முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கிவிட்டு, வெள்ளத்துரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"நூறு இருக்கு. இன்னொருக்க எண்ணிக்கோ. அண்ணன் ஏமாத்திட்டான்னு பெறகு சொல்லாத."

"நீ எண்ணினா சரியாத்தான் இருக்கும்ணே" என்றாள் சங்கரம்மாள்.

"அதானே. எண்ண மட்டும் நான் வேணும். பேரு போட மட்டும் நான் ஆகாது."

"ஆரம்பிச்சிட்டியா?"

"நான் எங்கத்தா ஆரம்பிச்சேன்? ரெண்டு வார்த்தை சொன்ன மொக்கையன் பேரு பொஸ்தகத்துல ரெண்டு எடத்துல இருக்கு. அவன் பொண்டாட்டி பேரு இருக்கு. சைக்கிள் மிதிச்சவன் பேரு மட்டும் இல்ல."

வெளியே லாரிக்காரன் ஆரனை அழுத்தினான். சந்தைக்குப் போகும் கொத்தமல்லி மூட்டைகளை ஏற்றியாகிவிட்டது. மனைவி முத்துத்தாய் நீட்டிய மோர்ச் செம்பை நின்றபடியே குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, "வாரேன்" என்று லாரியில் ஏறிப் போனான்.

அன்று மத்தியானம் பாலவனத்தம் தாண்டி ஒரு திருப்பத்தில் அந்த லாரி கவிழ்ந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அதற்கு முந்திய எட்டு மாதங்களைத்தான் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு அதற்கு முன்பும் இருந்ததில்லை.

சங்கரம்மாள் அப்போது பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. கடைசி வருடம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு. ஆனர்ஸ் படிப்பெல்லாம் நின்றுபோய்ப் பல காலம் ஆகியிருந்தாலும், ஆய்வேடு எழுத வேண்டிய அந்தக் கடைசி வருடத்தைத் துறையில் பழைய பழக்கத்தில் 'ஆனர்ஸ் வருஷம்' என்றே சொன்னார்கள். திருச்சுழிப் பக்கத்துக் களத்துச் சொற்களைத் திரட்ட வேண்டும் என்று பேராசிரியர் ரத்தினம் அவளுக்குத் தலைப்புக் கொடுத்திருந்தார். கதிர் அறுப்பதிலிருந்து தானியம் வீடு சேருவது வரை உள்ள அத்தனை சொற்களும் வேண்டும். ஓர் அட்டைக்கு ஒரு சொல். கீழே பொருள், சொன்னவர் பேர், வயது, ஊர், தொழில். மொத்தம் ஆயிரத்து இருநூறு அட்டைக்குக் குறையக் கூடாது. சொன்னவர்கள் பேரெல்லாம் ஆய்வேட்டின் கடைசியில் தகவலாளர் பட்டியலாக வரும்.

ஒரே ஒரு விதி. ஆய்வாளரின் வீட்டார் தகவலாளராக இருக்கக் கூடாது. கேட்கிறவளுக்கு வேண்டிய பதிலைத்தான் வீட்டார் சொல்வார்கள் என்பது ரத்தினம் சொன்ன காரணம்.

"நாங்க என்ன பொய்யா சொல்லுவோம்?" என்று வெள்ளத்துரைக்கு ஆற்றாமை. பேருக்குத்தான் ஆற்றாமை. மற்றபடி தங்கையின் படிப்பு அவனுக்குத் திருவிழா மாதிரி. பருவத்து வேலை முடிந்த நாளெல்லாம் அவளைச் சைக்கிளில் வைத்து ஊர் ஊராக மிதித்தான். நரிக்குடிப் பக்கம் ஒரு களத்தில் இவர்கள் போய் இறங்கியதும், சோளம் தூற்றிக்கொண்டிருந்த பெண்கள் சுளகைப் போட்டுவிட்டு ஓட்டமெடுத்தார்கள். நோட்டும் பேனாவுமாக ஒரு பெண் வந்தால் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்கிறவள் என்றுதான் அந்த வருடம் எல்லா ஊரிலும் பேச்சு. ஓடாமல் நின்றவள் கருத்தம்மாள் ஒருத்திதான்.

"எனக்கு ஆறு புள்ள பெத்து வயசும் போச்சு. என்னைய எங்க கூட்டிட்டுப் போனாலும் ஒண்ணும் ஆகாது" என்றாள் அவள்.

"அது இல்ல ஆத்தா. நீங்க பேசுற வார்த்தைய எழுதிட்டுப் போக வந்திருக்கு இது" என்றான் வெள்ளத்துரை.

"எழுதி?"

"காலேசுல கொடுக்கும்."

"அவுகளுக்கு வார்த்தை தட்டுப்பாடா?"

ஓடியவர்கள் வரப்புக்கு அப்பால் நின்று சிரித்தார்கள். ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்தார்கள். கருத்தம்மாள் சுளகை ஆட்டி ஆட்டி, காற்றில் பறப்பதற்கு ஒரு பேர், காலடியில் விழுவதற்கு ஒரு பேர், இரண்டுக்கும் நடுவே தயங்கி விழுகிற அரைகுறைத் தானியத்துக்கு ஒரு பேர் என்று அன்று பொழுது சாய்வதற்குள் நாற்பது சொல் கொடுத்தாள். கிளம்பும்போது, "மிச்ச வார்த்தை நாளைக்கு. இன்னைக்கே தீத்துட்டா நான் எதை வச்சு எம் மருமகளை வையிறது?" என்றாள்.

அட்டைகளுக்கு எண் போடும் வேலையை வெள்ளத்துரை தானாகவே எடுத்துக்கொண்டான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் களத்தில் மரக்கால் போட்டுத் தானியம் அளப்பதற்கு அவனைத்தான் நாலு ஊரிலும் கூப்பிடுவார்கள், எண்ணிக்கை தப்பாது. நீலப் பென்சிலை நாக்கில் தொட்டு, அட்டையின் வலது மூலையில் எண் போட்டு, நூறு நூறாகக் கட்டி வைத்தான். ஐந்தாவது கட்டு வரைக்கும் சங்கரம்மாள் அதைக் கவனிக்கவில்லை. ஏதோ சொல்லைத் தேடிப் பிரித்தபோதுதான் பார்த்தாள். முதல் அட்டையின் மூலையில் 'லாபம்' என்று இருந்தது. அடுத்ததில் இரண்டு. அதற்கடுத்து மூன்று. எல்லாக் கட்டிலும் அப்படியே.

"என்னண்ணே இது? ஒண்ணு எங்க?"

"அதான் இருக்கே, லாபம்."

"இது என்ன கம்பா, வரகா? அட்டைண்ணே!"

"எதுவா இருந்தா என்ன? குமிச்சு வச்சு எண்ணுறோம்ல? மொதல்லயே ஒண்ணுன்னு சொல்லிட்டா அந்த ஒண்ணோட நின்னுபோகும். லாபம்னு தொடங்குனாத்தான் பெருகும். இப்ப பாரு, ஐந்நூறு வந்துருச்சுல்ல?"

முத்துத்தாய் அடுப்படியிலிருந்து, "படிச்சவுகளுக்கே பாடம் எடுக்கிறாக. ஆனர்ஸ் பட்டம் ஒண்ணு இவுகளுக்கும் சேத்து வாங்கியாத்தா" என்றாள். சங்கரம்மாள் சிரித்துவிட்டாள். கடைசியில் ஒருநாள் உட்கார்ந்து திருத்திக்கொள்ளலாம் என்று விட்டாள்.

அந்தக் கடைசி நாள் சித்திரையில் வந்தது. வெள்ளத்துரை போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அட்டைகளைப் புரட்டிப் பார்த்த ரத்தினம் திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"வெளியூர்த் தேர்வாளர் கண்டிப்பானவர் அம்மா. எண் ஒழுங்கா இல்லேன்னா வேலையே ஒழுங்கில்லேன்னு எழுதிடுவார். பன்னிரண்டு அட்டைதானே, அழிச்சுட்டு ஒண்ணுன்னு போட்டுடு."

வீட்டுக்கு வந்து ரப்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்து நிமிட வேலை. அரைமணி நேரம் ஆகியும் ஓர் எழுத்தும் அழியவில்லை.

"கொண்டா, நான் அழிக்கேன்" என்று முத்துத்தாய் ரப்பரை வாங்கினாள். முதல் அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "இதென்ன எழுத்து? கோழி கெளறுன மாதிரி. லாபத்துக்கு இம்புட்டு நீளக் கால் எதுக்காம்?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சங்கரம்மாளும் சிரித்தாள். நாற்பது நாளில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. ரப்பர் பெட்டிக்குள் போனது.

"அவுக பேரு அதுல வருமாத்தா?" என்று கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள் முத்துத்தாய்.

"வராது மதினி. விதி அப்படி."

"கேட்டுக்கிட்டே இருந்தாகளே."

"ஆமா."

வாய்மொழித் தேர்வன்று பன்னிரண்டு கட்டுகளும் மேசையில் வரிசையாக இருந்தன. தேர்வாளர் வழுக்கைத் தலையும் தடித்த கண்ணாடியுமாக, ஒரு கட்டை அவிழ்த்தார். இன்னொன்றை அவிழ்த்தார். மூன்றாவதையும் அவிழ்த்தார்.

"எந்தக் கட்டிலும் ஒண்ணாம் எண்ணைக் காணோமே. பன்னிரண்டு அட்டை குறையுதா?"

ரத்தினம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"குறையலைங்க ஐயா. எண்ணிப் பாருங்க, நூறு நூறா இருக்கும். எங்க பக்கம் களத்துல முதல் மரக்காலை ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க. லாபம்னுதான் சொல்லுவாங்க. இதை எண்ணினவர் அந்தப் பழக்கத்துல போட்டுட்டார்."

தேர்வாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பிறகு ஆய்வேட்டின் அகரவரிசையை எடுத்து லகரத்துக்குப் போனார். விரலை மேலும் கீழும் ஓட்டினார்.

"களத்துச் சொற்கள்னு தலைப்பு. ஆயிரத்து இருநூறு சொல் இருக்கு. இதுல லாபம் இல்லையே?"

சங்கரம்மாளும் எட்டிப் பார்த்தாள். ஊர் ஊராகப் போய்க் கேட்டதெல்லாம் இருந்தது. பிறந்ததிலிருந்து வருடம் தவறாமல் வீட்டுக் களத்தில் காதில் விழுந்தது மட்டும் விட்டுப் போயிருந்தது.

"விட்டுட்டேன் ஐயா. அது ஒரு சொல்லுன்னே எனக்குத் தோணலை."

"மூலையில லாபம்னு எழுதினது யாரு?"

"என் அண்ணன்."

"தகவலாளர் பட்டியல்ல இருக்காரா?"

"வீட்டார் இருக்கக் கூடாதுங்க ஐயா. நாம கேக்கிறதுக்குத் தோதாத்தான் பதில் சொல்லுவாங்கன்னு..."

"நீ அவர்கிட்ட இதைக் கேட்டியா?"

"இல்லைங்க. அவரா எழுதினது. நான் கேலிதான் பண்ணினேன்."

தேர்வாளர் ரத்தினத்தின் பக்கம் திரும்பினார். "கேக்காமலே வந்திருக்கு. கேலி பண்ணியும் மாறலை. உங்க ஆயிரத்து இருநூத்துலயும் இதைவிடச் சுத்தமான சான்று இருக்கா ஐயா?"

ரத்தினம் மூக்கைச் சொறிந்தார். "நான் போட்ட விதிக்கு நானே விலக்குக் கொடுத்துக்கிறேன்" என்றார்.

"அப்போ ஓர் அட்டை எழுதும்மா. பட்டியல்லயும் பேரைச் சேர்த்துடு. அதுக்கப்புறம் கையெழுத்துப் போடறேன்."

நின்றபடியே எழுதினாள். சொல்: லாபம். பொருள்: களத்தில் அளக்கும்போது முதல் எண். சொன்னவர்: வெள்ளத்துரை. வயது: இருபத்தொன்பது. தொழில்: விவசாயம். பன்னிரண்டு கட்டும் நூறு நூறாக நிறைந்திருந்ததால் அந்த அட்டைக்கு எதிலும் இடமில்லை. மூலையில் நீலப் பென்சிலால், காலை நன்றாக நீட்டி, லாபம் என்று எண் போட்டாள். அந்த ஓர் அட்டையைத் தனிக் கட்டாகக் கட்ட, கடைநிலை ஊழியர் எங்கிருந்தோ ஒரு முழம் சணல் கொண்டுவந்தார்.

சாயங்காலம் திருச்சுழி பஸ்ஸை விட்டு இறங்கியதும், காத்துக்கொண்டிருந்த முத்துத்தாயிடம் சங்கரம்மாள் முதலில் சொன்னது அண்ணன் பேர் சேர்ந்ததைத்தான். முதல் வகுப்பு என்பதைப் பிறகுதான் சொன்னாள்.

"பேரோட வேற என்ன போட்ட?"

"விவசாயம்னு."

"விவசாயம் மட்டுமா? மல்லி யாவாரமும் பாத்தாகளே. அதையும் போட்டிருக்கலாம்ல?" என்று முத்துத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே சண்டைக்கு வந்தாள்.

அதற்குப் பிறகு சங்கரம்மாள் கல்லூரி ஆசிரியை ஆனாள். துறை இரண்டு முறை கட்டடம் மாறிவிட்டது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நூலகத்தில் அந்தப் பெட்டியை இறக்கச் சொல்லிப் பார்ப்பாள். பன்னிரண்டு கட்டிலும் நூறு நூறு அட்டை இருக்கிறது. பதின்மூன்றாவது கட்டில் ஒன்றுதான்.