சாகாத காய்ச்சல்

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் வடிந்த பின் வந்த காய்ச்சலில், கல்முனைத் தச்சர் செபரட்ணத்தின் மூத்த மகள் அற்புதராணி இறந்துபோனாள். அவளுடைய காய்ச்சல் சாகவில்லை. அது அவள் படுத்திருந்த கட்டிலிலேயே தங்கிவிட்டது. அடக்கம் முடிந்து வந்து பாயைச் சுருட்டப்போன தாய் எஸ்தர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பலகை அனலாக இருந்தது. கிணற்றுத் தண்ணீர் ஊற்றினார்கள், கடற்கரைக்குத் தூக்கிப்போய் அலையில் நனைத்தும் பார்த்தார்கள். மாலையில் கொஞ்சம் ஏறியது, விடியும்போது கொஞ்சம் இறங்கியது, எந்தக் காய்ச்சலையும்போல. செபரட்ணம் ஒருநாள் கோடரியோடு போய், தான் செய்த கட்டிலின் காலடியில் உட்கார்ந்துவிட்டு, சும்மா திரும்பி வந்தார். எஸ்தர் தலைமாட்டில் ஈரத்துணி போடத் தொடங்கினாள், யாரும் தடுக்கவில்லை.

அதே கட்டிலில், அதே காய்ச்சலோடு, அக்காவின் பக்கத்தில் கிடந்த ஞானராணி பிழைத்துக்கொண்டாள். ஒரே மருந்து, ஒரே கஞ்சி, இருவருக்கும் சேர்த்து ஒரே ஜெபம். ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல அவளை எழுப்பிவிட்டார்கள். "கர்த்தர் என்னைக் காப்பாத்தினார்" என்றவள் அப்படியே நின்று, "அப்ப அக்காவை?" என்று கேட்டாள். அன்று பின்னேரம் போதகர் வீட்டுக்கு வந்து, கட்டிலைத் தொட்டுப் பார்த்தார். "எனக்கும் விளங்கல்ல, மகள்" என்றார். ஆறுதல் சொல்ல வந்த எல்லோரையும் வெறுத்த எஸ்தர், அவருக்கு மட்டும் தேநீர் கொடுத்தாள். ஞானராணி கட்டில் கிடந்த அறைக்குள் போவதை நிறுத்தினாள். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்தாலும் அக்கா முனகுவது கேட்டது.

அடுத்த மாரியில், வேலிக்கு அப்பால் குடியிருந்த நெசவுக்காரர் முகம்மது தம்பியின் மனைவி றஹீமாவுக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்தது. நீலம் பாய்ந்து, அழாமல் கிடந்தது. மருத்துவிச்சி கையை விரித்துவிட்டாள். பின்னேரம் அஸர் தொழுகை நேரம், கொட்டுகிற மழையில், முகம்மது தம்பி பிள்ளையைச் சாரன் துணியால் சுற்றிக்கொண்டு வந்து முற்றத்தில் நின்றார்.

"அக்கா, புள்ள சில்லிட்டுப் போச்சு. அந்தக் கட்டில்ல ஒருக்காக் கிடத்தட்டா?"

எஸ்தர் வாசலை மறித்து நின்றாள். மகளில் மிச்சம் இருந்தது அந்தச் சூடு ஒன்றுதான். அதைப் பிள்ளை இழுத்துக்கொண்டால்? அது பிள்ளையை இழுத்துக்கொண்டால்? ஞானராணிதான் தாயை விலக்கிக்கொண்டு வந்தாள். "தாங்க, மாமா" என்று பிள்ளையை வாங்கி, ஒரு வருடமாக எட்டிப் பார்க்காத கட்டிலில் ஏறி, நெஞ்சோடு அணைத்துப் படுத்தாள். முதுகுப் பக்கம், அக்காவின் உடம்பு இருந்த அளவுக்குச் சூடு. அவள் அழுதாள், விலகவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் பிள்ளை அழுதது.

மசூர் என்று பேர் வைத்தார்கள். கட்டிலும் ஆறவில்லை. செய்தி பரவி, சம்மாந்துறையிலிருந்தும் குறைமாதப் பிள்ளைகள் வந்தன. சில பிழைத்தன. ஐம்பத்தொன்பதில் சாய்ந்தமருது றம்லாவின் பெண்குழந்தை, ஞானராணியின் கைக்குள், உடம்பு நன்றாகச் சூடேறியிருக்கும்போதே இறந்தது.

"நான் என்ன பிழை செய்தன்?" என்று றம்லா கேட்டாள்.

"ஒண்டுமில்ல அக்கா. நானும் ஒண்டும் செய்யல்ல, பிழைச்சுட்டன்" என்றாள் ஞானராணி.

இருவரும் சேர்ந்து பிள்ளையைத் துணியில் சுற்றினார்கள். வெளியே பெய்த மழை விடுவதற்குள் பாண்டிருப்பிலிருந்து ஒருத்தி பிள்ளையோடு வந்து நின்றாள். ஞானராணி மறுபடி கட்டிலில் ஏறி, சுவர்ப்பக்கம் நகர்ந்து, தனக்கும் அக்காவின் சூட்டுக்கும் நடுவில் பிள்ளைக்கு இடம் விட்டாள்.