ஷரீபுன்னிசா பிறந்த வருஷம்

1960 செப்டம்பர் 13, செவ்வாய். ஒரு சின்னப் பிழை. குடும்பக் குறிப்பு நான்காம் பக்கத்தில் ஷரீபுன்னிசா பிறந்த வருஷம் 1939 என்று எழுதியிருக்கிறேன். 1940 என்று திருத்த வேண்டும்.

டைரியில் இப்படி எழுதிவிட்டு ‘சின்ன’ என்ற சொல்லை மீரான் அடித்தான். டைப்ரைட்டிங் வகுப்பில் பக்கத்து மெஷின்கள் படபடத்துக்கொண்டிருந்தன. அவனுக்குக் கை ஓடவில்லை.

பகலில் தென்காசியில் ஜவுளிக்கடையில் பில் எழுதுவான்; சாயங்காலம் இந்த வகுப்பு. வாப்பா மௌத்தாகி அடக்கமான பிறகு அவருடைய பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. அதை வைத்துக் குடும்பத்தின் கதையை இரண்டு வருஷமாக எழுதிவருகிறான். ஒரு ஆள் சொன்னதைப் பென்சிலில் எழுதுவான். இன்னொரு ஆளும் அதையே சொன்னால்தான் பேனா.

அந்த நோட்டில் பிறப்பு இறப்பெல்லாம் ஹிஜ்ரியில் இருக்கும், வியாபாரம் மட்டும் இங்கிலீஷ் வருஷத்தில். வாப்பா சீசனுக்குக் குற்றாலத்தில் துண்டுக்கடை போடுவார். 1942 ஆடியில் அங்கே உம்மா காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது, பக்கத்துக் கடை அலிமா தன் கைப்பிள்ளையோடு சேர்த்து மீரானின் தங்கை ஷரீபுன்னிசாவுக்கும் பால் கொடுத்தாள். அந்த அலிமாவும் அவள் புருஷனும் இப்போது இல்லை. அவளுடைய மூத்த மகன் சேக் மைதீனுக்குத்தான் ஷரீபுன்னிசாவைப் பேசியிருக்கிறது. அக்டோபர் இரண்டாம் தேதி நிக்காஹ்.

மார்க்கச் சட்டப்படி, இரண்டு வயதுக்குள் ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளை அவளுக்கும் பிள்ளைதான். அவள் மக்களைக் கட்டக் கூடாது. இரண்டு தாண்டியிருந்தால் விலக்கு இல்லை. ஜூலையில் பண்பொழியிலிருந்து சேக் மைதீன் வீட்டார் பெண் கேட்டு வந்தபோது, ‘நீதான எல்லாம் எழுதி வச்சிருக்கே, பாத்துச் சொல்லு’ என்று உம்மா கேட்டாள். பிறந்தது ஹிஜ்ரி 1359 ரமலான். நடப்பது 1380. இடையில் இருபத்தொரு வருஷம்; 1960-இல் அது போனால் 1939. ‘அப்பவே ரெண்டே முக்கால் வயசு’ என்று அவன் சொன்னான். அந்தச் சொல்லின் பேரில்தான் நிச்சயம் நடந்தது.

இன்று பிறந்தநாட்களைக் கட்டம் போட்டு டைப் அடித்தபோது ரமலானில் விரல் நின்றது. ஷரீபுன்னிசா பிறந்தது ஐப்பசி மழையில், நோன்பு நாளில், கூரை ஒழுகிக்கொண்டிருந்தபோது என்று உம்மாவும் பக்கத்து வீட்டு மாமியும் சொல்லி, பேனாவில் இருக்கிறது. இந்த வருஷமோ நோன்பு மாசி வெயிலில் வந்தது. நோன்பு வருஷத்துக்குப் பதினோரு நாள் முந்தும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கணக்குப் போட்டவனுக்குத்தான் தோன்றவில்லை. அவள் பிறந்த ரமலானிலிருந்து இந்த வருஷ நோன்புவரை இருபது ஹிஜ்ரி வருஷம்; இங்கிலீஷில் பத்தொன்பதரைக்கும் குறைவு. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தான். 1940 ஐப்பசி. குற்றாலத்தில் அவளுக்கு ஒன்றே முக்கால் வயது.

வீட்டில் ஷரீபுன்னிசா நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். உம்மா கல்யாணத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“உம்மா, குத்தாலத்துல அலிமா மாமிகிட்ட இவ எத்தன நாள் பால் குடிச்சா?”

“மூணு நாளு. எத்தன தடவலே கேப்பே?”

“காக்கா என்னையப் பென்சில்லதான் எழுதிருப்பான் உம்மா,” என்றாள் ஷரீபுன்னிசா அண்ணனைப் பார்த்து. “நான் பொறந்ததுக்கே சாட்சி பத்தலையாம்.”

அவன் சிரிக்கவில்லை. “வயசத் தப்பாச் சொல்லிட்டேன் உம்மா. அப்ப இவளுக்கு ரெண்டு ஆகல.”

உம்மாவின் கை துணிமேல் நின்றது. “நடந்துக்கிட்டுல்லா இருந்தா.”

“பத்து மாசத்துலயே நடந்தவதான உம்மா.”

உம்மா வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “பத்திரிகை அடிச்சாச்சு. அலிமாவும் இல்ல, ஒங்க வாப்பாவும் இல்ல. இந்தக் கணக்கு ஒனக்கு மட்டுந்தானலே தெரியும்?”

வகுப்பிலிருந்து வரும் வழியெல்லாம் அவனும் அதையேதான் நினைத்து வந்தான். ஒரு தடவை தப்பாகக் கணக்குப் போட்டவன் மறுபடியும் தப்பாகப் போட்டிருக்கலாமே என்றுகூட ஆசைப்பட்டான். அதை அடுத்தவர் வாயால் கேட்டதும் தங்கையின் பக்கம் திரும்பினான்.

“எனக்கும் தெரிஞ்சு போச்சே உம்மா,” என்றாள் ஷரீபுன்னிசா. நூல் அறுந்திருந்தது. முடிச்சுப் போட முயன்று, முடியாமல் கீழே வைத்தாள். “அப்ப அவுகளும் எனக்குக் காக்கா. ஒரு காக்காவோட மாரடிக்கது பத்தாதா எனக்கு?”



“பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு...” என்று மீரான் இழுத்தான்.

“கேளு. கேட்டுட்டு இன்னும் நாலு நோட்டப் புரட்டு. அதுக்குள்ள நிக்காஹ் முடிஞ்சிரும்.” ஷரீபுன்னிசா கண்ணைத் துடைக்கவில்லை. “மொதல்ல அவுகளுக்குத் தெரியணும். பண்பொழிக்கு நீ போறியா, நான் போகட்டா?”

உம்மா துணிகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மீரான் நான்காம் பக்கத்தை எடுத்து 1939-ஐ அடித்து, பேனாவால் 1940 என்று எழுதினான். பிறகு டைரியில் எழுதினான்:

நாளை: காலை முதல் பஸ்ஸில் பண்பொழி. சேக் மைதீனிடம் நேரில் சொல்ல வேண்டும், கணக்கு என்னுடையது என்பதையும் சேர்த்து. வாப்பாவின் நோட்டை எடுத்துப் போக வேண்டும். திரும்பும் வழியில் ஹஜ்ரத். கடைக்கு அரைநாள் லீவு.